சுல்தான் பாயின் இடது கண்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நாங்களும் அப்படியொன்றும் நன்றாக இல்லை. போனில் பேசலாம் என்றால் "டூட்டிப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. உன் ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்கும் நம் கள்ளிக்குப்பத்துக்கும் நடுவில் என்ன, கடலா கிடக்கிறது? ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. அதில் ஏறி வர மனசில்லாமல் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. உன் அம்மா துவைத்து மடித்த சட்டைகளை உன் ரூம்மேட்டிடம் கொடுத்தனுப்புகிறாள். இந்தக் கடிதத்தையும் அந்தச் சட்டைகளுக்கு நடுவில்தான் வைக்கப் போகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. சுல்தான் பாய் பெயர் வருகிறதே என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்குக் கண் மருத்துவம் எடுத்திருக்கிறான் என்று நான் சொன்னபோது நம் சொந்தக்காரர்கள் முகம் சப்பென்று போனது உனக்கு நினைவிருக்கும். "ஏன், ஹார்ட் கிடைக்கலையா?" என்று உன் பெரியப்பா கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஓட்டிப் பிழைத்தவனுக்குக் கண் எவ்வளவு பெரிது என்று அவருக்கு யார் புரியவைப்பது? டிப்போவில் எழுத்துப் போர்டை மாட்டி எங்களுக்குக் கண் பரிசோதனை வைப்பார்கள். கடைசி வரி எழுத்து தெரியவில்லை என்றால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். சர்வீஸ் முழுக்க அந்தப் போர்டுக்குப் பயந்தவனுடைய மகன் கண்ணுக்குள்ளேயே கை வைக்கப் போகிறான் என்று உள்ளூர எனக்குப் பெருமைதான். நீ சேர்ந்த புதிதில் "ஓ.டி.யில இருக்கேம்மா" என்பாய். உன் அம்மா நீ அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்து, "அப்படியே வரும்போது ரெண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிட்டு வந்துடு" என்பாள். ஆபரேஷன் தியேட்டரில் கீரைக்கு எங்கே போவாய்? அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்கச் சிரித்தோம்.

மனுஷக் கண்ணைத் தொடும் முன்னால் ஆட்டுக் கண்ணில் வெட்டியும் தைத்தும் பழக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வருவது போதவில்லை, எங்கேயாவது கிடைக்குமா அப்பா என்று ஒருநாள் கேட்டாய். நான் நேராகப் பூந்தமல்லிக்குப் போய் சுல்தான் பாய் டீக்கடையில் நின்றேன். நான் பூந்தமல்லி, ஆவடி தடத்தில் ஓட்டிய காலமெல்லாம் டிரிப்புக்கு டிரிப்பு அவர் கையால்தான் எனக்கு டீ. அவர் மச்சினர் கறிக்கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "புள்ள படிப்புக்குன்னா தலையையே தரச் சொல்றேன் டிரைவரே, கண்ணு இன்னா கண்ணு!" என்றார். அதற்கப்புறம் எவர்சில்வர் தூக்கில் ஐஸ் போட்டு, மூடியை ரப்பர் பேண்டால் இறுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உனக்கு ஆட்டுக் கண் கொண்டுவந்ததெல்லாம் நான்தான். ஒரு தடவை பக்கத்து சீட்டு அம்மா "இன்னாண்ணா, கொழம்பா? வாசனையே வரலியே" என்று கேட்டாள். ஆமாம், ஆறிப்போன குழம்பு என்றேன். பாய் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. தூக்கை வாங்கும்போதெல்லாம் "இன்னா சொல்றான் டாக்டரு? கை நல்லா வருதா?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்.

பிறகு உனக்கு முதல் கேஸ் கிடைத்தது. கிடைத்தது என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். இலவச முகாமில் பஸ் வைத்துக் கூட்டிவந்தவர்களில் ஒருவருக்கு, உங்கள் சீஃப் டாக்டர் பக்கத்தில் நிற்க, முழு ஆபரேஷனும் நீயே செய்தாய். நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு நான் மண்ணூர்பேட்டை ஸ்வீட் ஸ்டாலில் மைசூர்பாகு வாங்கி நம் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தேன். யாருடைய கண், அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஓட்டப் பழகுகிறவன் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் சிவப்பாக 'எல்' போர்டு மாட்டுகிறார்கள். ரோட்டில் போகிறவன் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். உங்கள் மேஜையில் படுத்திருப்பவருக்கு முகத்தின் மேல் பச்சைத் துணி. அவருக்கு எந்தப் போர்டைக் காட்டுகிறீர்கள்? பழகுவது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். யாருடைய கண்ணிலாவது பழகித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் நாளைக்குக் கண் டாக்டரே இருக்க மாட்டார்கள். அந்த 'யாரோ' யார் என்று நம் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆடி மாதம் மண்ணூர்பேட்டை பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது பாயைக் கூட்டிவந்ததும் நான்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் நன்றாக முற்றி வெள்ளையாகவே தெரிந்தது. மகள் கல்யாணம் முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். "அங்க என் பையன் இருக்கான் பாய், பார்த்துக்குவான்" என்று ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் மத்தியானம் நீ போன் செய்தாய். பேசவே முடியாமல் விம்மினாய். "அப்பா, நான்தான் பண்ணேன்" என்று மட்டும் மூன்று நாலு தடவை சொன்னாய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு லிஸ்டில் உன் பெயருக்கு நேரே அவர் வந்துவிட்டார். குரலை வைத்து நீதான் என்று தெரிந்தால் பயந்துவிடுவார் என்று நீ கடைசிவரை வாயே திறக்கவில்லை. நர்ஸிடம்கூடக் கையைக் காட்டித்தான் கேட்டாய். லென்ஸைப் பின்னாலிருந்து தாங்குகிற தோல், வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது என்று ஒருதரம் எனக்குச் சொல்லியிருக்கிறாயே, அது உன் கையில் கிழிந்துவிட்டது. சீஃப் உன்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து முடிந்தவரை சரிசெய்தார்.

அன்று நான் உனக்கு என்ன சொன்னேன்? "சரி விடு, வெளியில சொல்லிக்காதே. கேஸ் ஷீட்டு சீஃப் பேர்லதானே இருக்கு" என்றேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உன் சீஃபை நான் குறை சொல்லவில்லை. புது டிரைவர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி லைன் பழகும்போது வண்டி என் பொறுப்பு என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் பாயிடம், "ரொம்ப முத்திப்போன கண்ணு, உள்ள கொஞ்சம் சிக்கலாயிடுச்சு, பார்வை முழுசா வர்றது கஷ்டம்" என்று சொன்னார். அதில் பொய் இல்லை. முற்றிய புரையில் ஆபத்து கூடுதல் என்று நீயும் சொன்னாய். ஆனால் பாய் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? தன் தப்பு என்று எடுத்துக்கொண்டார். கடைக்கு யார் வந்தாலும், "நான்தாம்பா லேட்டு பண்ணிட்டேன், டாக்டருங்க இன்னா பண்ணுவாங்க" என்கிறார். ஆபரேஷனை அவர் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார். "பாதில பெரிய டாக்டரு 'எழுந்திரு'ன்னாரு. நம்மளத்தான் சொல்றாருன்னு எழப் பாத்தேன். நர்ஸம்மா அமுக்கிப் புட்சிக்கினாங்க!" கடையில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். யாரை எழுந்திருக்கச் சொன்னார் என்று தெரிந்த நான் ஒருவன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தேன். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

இப்போது அந்த இடது கண்ணில் ஆள் வருவது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கண்ணை வைத்துத்தான் கடையை நடத்துகிறார், அதிலும் புரை ஏறிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கம் நீ. உன் முறை வரும் போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிக் கேஸைக் கூடப் படிக்கிறவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெளிநோயாளிப் பிரிவில் கண்ணாடி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். உன் ரூம்மேட் சொன்னான். அவன் மேல் கோபப்படாதே, உன் அம்மா குடைந்து குடைந்து கேட்டாள். படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட அவனிடம் கேட்டாயாமே. அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

என் கூட லைன் பழகிய செல்வத்தைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. நல்ல பையன், கை அவ்வளவு நிதானம். ஒருநாள் கருக்கு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் முழுசாக இறங்கும் முன்னால் வண்டியை எடுத்துவிட்டான். கால் உடைந்துவிட்டது. நான்தான் ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். விசாரணையில் என் பொறுப்பில் நடந்தது என்று எழுதிக்கொடுத்தேன். "செல்வம், ஒரு நடை போய் அவரைப் பார்த்துட்டு வந்துடு" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறதுண்ணா?" என்பான். போகவே இல்லை. கொஞ்ச நாளில் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து டிப்போவுக்குள்ளேயே ஒரு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெரியவர் கட்டுப் பிரித்து, கைத்தடியோடு மறுபடி என் வண்டியிலேயே ஏறினார். "அந்தத் தம்பி எங்கப்பா, நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நான் செல்வத்திடம் வந்து சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் மனசில் அவர் இன்னும் ரோட்டில்தான் விழுந்து கிடக்கிறார். எழுந்து நடந்ததைப் பார்த்திருந்தால்தானே நம்புவதற்கு?

நீ செல்வம் மாதிரி ஆகிவிடுவாயோ என்று எனக்குப் பயம், தம்பி. வெட்கம் விட்டு எழுதுகிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. பாய் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் அயனம்பாக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியைத் தடவித் தடவித்தான் ஏறினார். உன் அம்மா காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டிரைவரே, வலது கண்ணையும் பண்ணிடணும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. லேட்டு பண்ணா அதுவும் முத்திப்பூடும். இந்தத் தபா உன் புள்ள பண்ணட்டும்."

உன் அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"இன்னா, யோசிக்கிறே? பெரியவரு பண்ணது பண்ணாரு, அவர ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம புள்ளன்னா ஒரு தெகிரியம். எத்தினி ஆட்டுக் கண்ணு குட்த்து வுட்ருக்கேன், என் கண்ணு ஒண்ணு குடுக்க மாட்டேனா? அவன் கையால பண்ணிக்கினா எனக்கு மன்சு ஆறிப்பூடும்."

அந்த நேரத்தில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் விடவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை. சொல்லியிருந்தால், அப்பன் வந்து மகனுக்காக மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகியிருக்கும். அவரும் என் முகத்துக்காக "பரவால்ல டிரைவரே" என்று சொல்லிவிடுவார். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு நீயும் நானும் என்ன செய்வது? அதனால், "பாய், அவன் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு உங்களைப் பார்க்க வருவான். உங்ககிட்ட அவன் ஒரு விஷயம் சொல்லணும். அதைக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் யார் பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். "இன்னா, கல்யாண விஷயமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, வரச்சொல்லு, ஊட்லயே கீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபம் வரும். வரட்டும், என்னை நன்றாகத் திட்டிக்கொள். ஆனால் போ.

போவதற்கு முன்னால் சீஃபிடம் சொல்லிவிட்டுப் போ, அவருக்குத் தெரியாமல் செய்யாதே. அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். அதை நீதான் தீர்மானிக்க வேண்டும். பாய் கேஸ் போட்டால் என்ன ஆகும், உன் படிப்பு என்ன ஆகும் என்று எனக்கும் யோசனை ஓடாமல் இல்லை. போட்டால் போடட்டும், அது அவர் உரிமை, அவருடைய கண். அவர் கத்தலாம், கதவைச் சாத்தலாம். தெரிந்தே மறைத்தாயா என்று என்னோடு பேச்சை நிறுத்தலாம். அவர் டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது, இருந்தாலும் அதற்கும் நான் தயாராகத்தான் இருக்கிறேன். தான் தாமதமாக வந்ததால்தான் கண் போனது என்று அந்த மனுஷர் சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

சொல்லும்போது சுற்றி வளைக்காதே. சிக்கல், பிரச்சினை என்று ஆஸ்பத்திரிப் பேச்சுப் பேசாதே. "பாய், நான்தான் பண்ணேன், என் கையிலதான் கிழிஞ்சுது, உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று சொல். புரை முற்றியிருந்தது உண்மைதான். அவர் கேட்டால் அதையும் சொல், நீயாக அதில் ஆரம்பிக்காதே. அவர் காலில் விழாதே. அழாதே. நீ அழுதால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், அவர் குணம் அப்படி. அன்றைக்கு அவர் யாரையும் தேற்ற வேண்டிய ஆள் இல்லை. அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல். பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, எழுந்து ஓடிவராதே. வலது கண்ணை யார் செய்வது என்று நீயாகக் கேட்காதே. அவர் வேறு டாக்டரைக் கேட்டால் உங்கள் சீஃபிடம் பேசி அவரையே செய்ய வை, அன்றைக்கு வார்டில் கூடவே இரு. அதற்கப்புறமும் உன்னையே கேட்டார் என்றால், அப்போது பயப்படு, பயந்துகொண்டே செய். படிப்பை விடுவதா வேண்டாமா என்பதை அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு முடிவு செய். எந்த முடிவு எடுத்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு.

நான் கூட வர மாட்டேன், உன் அம்மாவும் வர மாட்டாள். வீடு கடைக்குப் பின்சந்தில், பச்சை பெயின்ட் அடித்த கதவு. உள்ளே கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிடாதே. நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார். நீ சொல்லும்போது உன் முகம் அவருக்குத் தெரிய வேண்டும்.

அப்பா